பொட்டு வைத்த விளக்கு

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருந்தது. நாலு வருஷமாக அதற்கு வேலையே வரவில்லை. திருமாறன் ஒரு கல்யாணத்துக்குப் போக மலைப்பாதையில் காரை ஏற்றியபோதுதான் முதன்முதலாக எரிந்தது.

"இன்ஜின் சரியில்லை. ஓரமா நிறுத்தச் சொல்லு," என்று பக்கத்தில் இருந்த தலையாட்டிப் பொம்மையிடம் சொன்னது.

திருமாறன் விளக்கைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல, பொம்மையைப் பார்த்தார். "முகூர்த்தத்துக்குள்ள போயிடலாம்ல?"

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. பொம்மை நன்றாகவே தலையாட்டியது.

"ஏன் ஆமாம்னு சொன்னே?" என்றது விளக்கு.

"கேட்டார், ஆட்டினேன். யாரையும் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை."

விளக்கு விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. இதற்கு மேல் சத்தமாகச் சொல்ல அதற்குத் தெரியாது.

"கண்ணை உறுத்துதுங்க," என்று திருமாறனின் மனைவி பூங்கோதை தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினாள்.

"பாத்தியா, உனக்கும் மரியாதை," என்றது பொம்மை.

நாலாவது வளைவில் முன்பக்கம் புகை கிளம்பி, வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ் மயிரிழையில் ஒதுங்கிப் போனது. திருமாறன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பொம்மையைக் கேட்டார்:

"இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணினா ஓடும்ல?"

வண்டி அசையாததால் பொம்மையும் அசையவில்லை.

அவர் அதன் தலையில் விரலால் லேசாகத் தட்டினார். பொம்மை ஆமாம் என்றது. அவர் சாவியைத் திருகினார்.