சிவப்புப் பக்கம்

கடைசி ரப்பர் படகும் கிளம்பிவிட்டதை டைம்கீப்பர் கவனித்தபோது, ஒரு பென்குயின் பக்கத்துக் கூட்டிலிருந்து கூழாங்கல் திருடிக்கொண்டிருந்தது.

அவர் பதறவில்லை. பாறை மறைவில் உட்கார்ந்து அந்தத் திருட்டை முழுசாகப் பார்த்து முடித்தார்.

வேலையிலிருந்த காலம் முழுக்கத் தொழிற்சாலையின் வருகைப் பலகையைக் கட்டிக் காத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அவர் டைம்கீப்பர்தான். துருவத்துக்கு வந்த இந்தக் கப்பலிலும், படிக்கட்டு வாசலில் அதே மாதிரி ஒரு பலகை தொங்கியது. ஆளுக்கொரு டோக்கன். பனிக்கரைக்கு இறங்கும்போது சிவப்புப் பக்கம் தெரியத் திருப்ப வேண்டும். ஏறியதும் வெள்ளைப் பக்கம். ஒரே ஒரு டோக்கன் சிவப்பாக இருந்தாலும் கப்பல் நகராது.

பனிமலைகளைவிட அந்தப் பலகையைத்தான் அவர் அதிகம் ரசித்தார்.

அதனால் நிதானமாகக் காத்திருந்தார். குளிர் தாங்காமல் மனைவி முந்தின படகிலேயே போய்விட்டாள். போனால் போகட்டும். பலகையைப் பார்த்து எப்படியும் ஆள் அனுப்புவார்கள்.

நங்கூரச் சங்கிலி மேலே ஏறும் சத்தம் கேட்டது.

கப்பல் மெல்லத் திரும்பியது.

அப்படியென்றால் பலகையில் அவருடைய டோக்கன் வெள்ளையாக இருக்கிறது. அவள்தான். வேறு யார்? கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்டுவிட்டுப் போகும் விளக்கை அணைப்பவள், அவர் திறந்து வைக்கும் பேனாவை மூடுபவள். கப்பலேறிய கையோடு தன் டோக்கனைத் திருப்பியவள், பழக்கதோஷத்தில் அவருடையதையும் வெள்ளையாக்கியிருப்பாள்.

நேற்றுச் சாயங்காலம்தான் அவளைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தார். பயணம் தொடங்கியதிலிருந்து இரண்டு டோக்கனையும் அவளே திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்! ஒருவர் டோக்கனில் இன்னொருவர் கை வைப்பது எவ்வளவு பெரிய குற்றம், அதற்காகத் தான் எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறார் என்று சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் முன்னால் பாடம் நடத்தினார். அவள் சூப்பைக் குடித்து முடித்தாள்.

அவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை.

எழுந்து ஓடினார். கத்தினார். ஜாக்கெட்டைக் கழற்றி வீசிக் காட்டினார். குளிர் எலும்பைப் பிடித்ததும் அவசரமாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். பென்குயின்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன.

இங்கேயே செத்துப்போவோம் என்று நிஜமாகவே பயந்தார். அந்தப் பயத்தின் நடுவிலும் அவளுக்கு ஒரு மெமோ மனதுக்குள் தயாராகிவிட்டது. தேதி போடுவதுதான் பாக்கி.

கப்பல் நின்றது.

ஒரு படகு இறங்கி வந்தது. முன்பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. மூடி போட்ட ஒரு டீக்கோப்பையை மடியில் பத்திரமாகப் பிடித்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தார். படகில் ஏறி உட்கார்ந்து, மூச்சு சீரானதும் மெமோ ஞாபகத்துக்கு வந்தது.

"என் டோக்கனைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"நீங்க சொன்னதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் கை வைக்கலீங்க. ரெண்டு டீ வாங்கி வெச்சேன். உங்களுது ஆறிப்போச்சு, ஆளக் காணோம். அப்புறம்தான் கப்பல்காரங்ககிட்ட போய்க் கத்தினேன்."

கோப்பையை நீட்டினாள். ஆறிய டீ என்றால் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

கப்பலேறியதும் நேராகப் பலகை முன்னால் போய் நின்றார். நேற்றுச் சாயங்காலம் அவள் திருப்பிவிட்ட அதே வெள்ளைப் பக்கம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் அவள் தன்னுடையதை மட்டும் திருப்பிவிட்டு இறங்கியிருக்கிறாள். அவர் வழக்கம்போல் கையை வீசிக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறார்.

பலகைக் கணக்குப்படி, டைம்கீப்பர் இன்றைக்குக் கப்பலைவிட்டு இறங்கவே இல்லை.