டர்னிப் வயலுக்கு வந்த கலைமான்

"காபியைக் கீழ வை! அந்த வாசனை அரை மைலுக்குப் போகும். மான் வர்ற நேரத்துல கப்பும் கையுமா நிக்கறியே" என்று அதட்டினாள் மார்லிஸ்.

ஆர்விட் கோப்பையை வைத்துவிட்டு வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாட வருடத்துக்கு ஒன்பது நாள்தான் அனுமதி. இன்று ஒன்பதாம் நாள். பொழுது சாய்ந்தால் இனி அடுத்த நவம்பர்தான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அவர் மனைவி மார்லிஸுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "கொம்புல பத்துக் கிளை வச்சிருக்கானே, அந்தப் பத்துக்கொம்பன் மட்டும் விழட்டும். மறுநாளே இந்த நிலத்தை வித்துட்டு உன் அக்கா ஊருக்கே போயிடலாம்."

அக்கா இருப்பது அரிசோனாவில். அங்கே வாசலில் பனி வார வேண்டியதில்லை.

அன்றே நிலத்து வேலையை மார்லிஸ் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். மண்ணைச் சோதனைக்கு அனுப்பினாள். சுண்ணாம்பு தூவினாள். மான் மேய்வதற்கென்றே காட்டோரம் இரண்டு ஏக்கரில் ஆகஸ்டில் முள்ளங்கி மாதிரியான டர்னிப் கிழங்கை விதைத்தாள். உறைபனி பட்டால் அந்த இலை இனிக்கும். மான்கள் வராமல் இருக்க முடியாது. வயலோரம் ஆர்விட் ஏறி உட்காரும் பரண்களுக்குப் பக்கத்து மரங்களில், போனுக்குப் படம் அனுப்பும் கேமரா கட்டினாள். கணவரின் வேட்டைத் துணிகளை வாசனையில்லாத சோப்பில் துவைப்பதும் அவள்தான்.

"இந்தா பாரு." போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நேத்து மூணே காலுக்குப் பத்துக்கொம்பன் வந்திருக்கான். நீ எங்க இருந்தே?"

"பரண்லதான்."

"தூங்கினியா?"

"கண்ணைத்தான் மூடினேன்."

"நாலு வருஷமா இதே கதை. உங்கப்பா உன் கையில துப்பாக்கிக்குப் பதிலா தூண்டில் குடுத்திருக்கலாம்!"

"மீனும் என்னைப் பாத்தா ஓடிடும், மார்லிஸ்."

"சிரிக்காதே. இன்னைக்கு வடக்குக் காத்து. தெற்குப் பரண்ல ஏறு, உன் வாசனை அவனுக்குப் போகாது. அசையாதே. அக்காகிட்ட வீடு பாக்கச் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"போறியா இல்லையா?"

ஆர்விட் போனார். பரணில் ஏறி, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மார்லிஸின் கணக்குத் தப்பவில்லை. மூன்றே காலுக்குக் காட்டிலிருந்து பத்துக்கொம்பன் வெளியே வந்தது. இருபதடி தூரத்தில், விலாவை முழுதாகக் காட்டிக்கொண்டு நின்று, டர்னிப் இலையைக் கடித்தது. காற்றும் அவள் சொன்ன திசையில்தான் வீசியது.

அது நாலு வாய் தின்று முடிக்கும்வரை ஆர்விட் பொறுமையாகக் காத்திருந்தார்.

பிறகு, போன நான்கு வருடங்களும் செய்ததைப் போலவே, பலமாக ஒரு தடவை இருமினார். "ஓடுடா! அரிசோனாவுல போய் நான் என்னத்தைப் பண்றது?"