பாடுபவர் வராத பாட்டு

பதினோரு நிமிடப் பாட்டில் நான்கு நிமிடம் ஓடிவிட்டது. தையல் மிஷின் முன்னால் அம்மா இன்னும் பாடுகிறவருக்காகக் காத்திருக்கிறாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு காதில் இயர்போன். "எப்போடி வாயைத் திறப்பாங்க?" "யாரும் பாட மாட்டாங்கம்மா. போஸ்ட் ராக் இசைன்னா அப்படித்தான். மெதுவா ஏறும், கேளு." அம்மாவுக்குப் பிடித்தால்தான், இதுவரை மறைத்து வைத்த விஷயத்தை மகளால் சொல்ல முடியும். ஒற்றைக் கிட்டார் அதே மூன்று சுரங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஜன்னல் வெயிலில் நூல்தூசி மிதக்கிறது. டிரம்ஸ் நுழைந்ததும் அம்மாவின் கால் தானாக மிதிக்க, துணியில்லாமலே ஊசி ஏறி இறங்குகிறது. எல்லாம் ஒன்றாகப் பொங்கி அடங்க, கிட்டார் மட்டும் மிஞ்சுகிறது. அம்மாவின் கால் நின்றுவிடுகிறது. "வாயே திறக்காம எவ்வளவு பேசுது! உன்னை மாதிரியே ஊமைக்கோட்டான். கிட்டார் வாசிக்கிறது யாருடி?"

"நான்தாம்மா."