ஒளித்த இடங்கள்

"நாலு ஜட்டி, ரெண்டு பைஜாமா, காது கிழிஞ்ச முயல் பொம்மை. எல்லாம் பையில இருக்கு," என்றான் கிளேட்டன்.

கதவோரம் இருந்த பையைப் பார்த்தாள் யோலாண்டா. தத்து நிறுவனத்திலிருந்து வந்திருந்தாள். ஏழு மாதத்துக்கு முன் ஜோசியை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

"கோர்ட்டுக்கு இன்னும் மூணே வாரம். ஜட்ஜ் கையெழுத்துப் போட்டுட்டா அவ உங்க பொண்ணு."

"அதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போங்கன்னுதான் வரச் சொன்னேன்."

இரண்டரை வயது ஜோசி பையின் ஜிப்பைத் திறந்தாள். ஒரு ஜட்டியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றை யோலாண்டாவின் காபிக்குள் போட்டாள்.

"எனக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும், கண்ணு." யோலாண்டா அதை விரல் நுனியால் வெளியே எடுத்தாள். "என் கார்ல ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"

"டாடாவும்," என்று ஜோசி கிளேட்டனைக் காட்டினாள்.

"டாடா வரமாட்டாரு."

"அப்ப நீ போ," என்று சொல்லிவிட்டு ஜோசி மேஜைக்கு அடியில் புகுந்தாள்.

கிளேட்டன் சிரிக்கவில்லை. பாலங்களில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும் இன்ஜினியர். வயது முப்பத்தொன்று. மனைவி பிரிட்டா இறந்து ஆறு வாரம். காலையில் தலைவலி என்றாள்; மதியம் அவள் இல்லை. வெளியே டுலூத் நகரத்தின் மார்ச் மாதப் பனி கறுத்துக் கிடந்தது. அவள் கடைசியாக ஓட்டிய கார் இன்னும் அதற்குள் புதைந்திருந்தது.

யோலாண்டா படிவத்தை விரித்தாள். "காரணம் எழுதணும். குறும்பு பண்றான்னு எழுத முடியாது. ரெண்டு வயசுல குறும்பு பண்ணலன்னாதான் டாக்டர்கிட்ட காட்டணும்."

"போன வாரம் என்னை வெளியே பனியில நிக்க வச்சு உள்ள பூட்டிக்கிட்டா. ஜன்னல் வழியா கை ஆட்டினா. அதெல்லாம் பரவாயில்ல."

"பின்ன என்ன?"

"சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறா."

யோலாண்டாவின் முகம் மாறியது. ஜோசியைக் கண்டெடுத்த வீட்டில் ஒரு அலமாரியிலும் ஒரு பருக்கை இல்லாததைப் பார்த்தவள் அவள்.

"பசியைப் பார்த்த பிள்ளைங்க செய்யறதுதான். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோங்கற பயம்."

"தெரியும். எல்லாப் புத்தகமும் படிச்சிட்டேன். பிரிட்டா இருந்த வரைக்கும் ஜோசி இப்படிச் செய்யல. இந்த ஆறு வாரமாத்தான்." நழுவிய பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டான். "என்கூட இருந்தா பட்டினி கிடக்கணும்னு நினைக்கிறா. சோறு கிடைக்கும்ங்கற நம்பிக்கையைக்கூட ஒரு குழந்தைக்கு என்னால தர முடியல. வேற நல்ல வீடா பாருங்க."

யோலாண்டா எழுந்து பிரிஜ்ஜைத் திறந்தாள். துக்கத்துக்கு வந்த சர்ச் பெண்கள் கொடுத்துவிட்டுப் போன, ஹாட்டிஷ் என்ற அவனில் வேகவைத்த கலவைச் சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. எதிலும் மூடி திறக்கப்படவில்லை.

"அவளுக்கு என்ன குடுக்கறீங்க?"

"அவளுக்கு மூணு வேளையும் புதுசா சமைக்கிறேன். பாதி சாப்பிடுவா. மீதியைத் தூக்கிட்டு ஓடிடுவா."

போன தடவை வந்த காலை யோலாண்டாவுக்கு நினைவு வந்தது. இதே அடுப்பருகே பிரிட்டா, இடுப்பில் ஜோசியோடு, கிளேட்டனின் பைக்குள் மதியச் சாப்பாட்டை வைத்தாள். பையை இரண்டு தட்டு தட்டினாள். "மிச்சம் வைக்காதே," என்று அவனை வேலைக்கு அனுப்பினாள்.

யோலாண்டா பிரிஜ்ஜை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "சரி. எங்கே, எப்போன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை ஹெல்மெட்ல மாக்கரோனி. பாலத்துக்கு மேல நின்னு தலையில கவுத்தப்பதான் தெரிஞ்சது. ஆளுங்க அரை மணி நேரம் சிரிச்சாங்க."

"புதன்?"

"பூட்ஸுக்குள்ள வாழைப்பழம். வியாழன், தலையணைக்கு அடியில அவிச்ச முட்டை. வெள்ளி, கோட் பாக்கெட்ல சீஸ். நேத்து என் கார் சீட்டு மேல பான்கேக். தேன் பாகோட."

யோலாண்டா எழுதி முடித்தாள். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை சரி பார்த்துக்கலாம். இடம் தெளிவா இருக்கணும். தலையணைன்னா யாரோடது?"

"என்னோடது."

"பூட்ஸ்?"

"என்னோடது."

"கோட்?"

"அதுவும்தான்."

"கார்ல அவ சீட்டா?"

"இல்ல. நான் ஓட்டற சீட்."

"அவ கட்டில்ல ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல."

"பொம்மைப் பெட்டியில?"

"ஒண்ணும் இல்ல."

பேனா நின்றது. யோலாண்டா அவன் இடுப்பைப் பார்த்தாள். பெல்ட்டின் கடைசித் துளையும் போதாமல், ஆணியால் குத்திய ஒரு புதுத் துளை.

"கிளேட்டன், நீங்க கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

அவன் யோசித்தான். விரல் விட்டு நாட்களை எண்ண ஆரம்பித்தான்.

யோலாண்டா பேனாவை மூடினாள்.

ஜோசி மேஜைக்கு அடியிலிருந்து வந்தாள். தலையில் இன்னும் அந்த ஜட்டி. கையில் பாதி கடித்த ரொட்டி. அதை அவன் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் திணித்தாள். வெளியே தெரியாதபடி உள்ளே அழுத்தினாள்.

பிறகு பாக்கெட்டை இரண்டு தட்டு தட்டி, "மிச்சம் வெக்காத," என்றாள்.