பக்கத்துக் கல்

"சார், முதல்ல இங்க வாங்க! என் தண்ணிக் குழாய் சொட்டுதா கொட்டுதான்னு நீங்களே வந்து சொல்லுங்க!"

அவளுடைய கல்லை நோக்கி வந்துகொண்டிருந்த சிற்ப முகாம் செயலாளர், அந்தச் சத்தத்துக்கு அப்படியே பக்கத்துக் கொட்டகைக்குத் திரும்பிவிட்டார்.

"ஆரம்பிச்சுட்டார் லவுட்ஸ்பீக்கர்!" என்று முணுமுணுத்தாள் அவள்.

ஏரிக்கரைப் பூங்காவில் நிறுத்த, சிற்பிகள் ஆளுக்கொரு பெரிய கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணும் மூக்கும் வைத்த சிலைகள் இல்லை. வளைவும் குழிவுமாக, பார்ப்பவர் மனசுக்குப் பட்டதுதான் உருவம். தன்னைவிட உயரமான கல்லில் அவள் உளி வைப்பது இதுவே முதல் தடவை. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

லவுட்ஸ்பீக்கர் என்பது பக்கத்துக் கொட்டகைக்காரருக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர். செயலாளர் தலை தெரிந்தால் போதும், ஏதாவது ஒரு குறை. ஒயர் ஷாக் அடிக்குது, தட்டி கிழிஞ்சு வெயில் அடிக்குது...

"ஊர்ல அவர் ஒருத்தர்தான் கல்லு கொத்துறார்னு நெனப்பு" என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் தலையாட்டினாள்.

ஆனால் அந்தத் தொல்லை அவளுக்கு ஒருவிதத்தில் சௌகரியமாகத்தான் இருந்தது. அவளுடைய கல்லில் விரிசல் விட்டிருந்தது.

வெளியில் நிற்கப்போகிற கல். மழைத்தண்ணீர் இறங்கினால் என்றைக்காவது பிளந்து யார் தலையிலாவது விழும். விரிசல் என்று தெரிந்தால் சிற்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் செயலாளர். சாக்கைப் போர்த்தி மறைத்துவிட்டு யோசித்தாள். கடைசியில் விரிசல் ஓடிய வழியிலேயே ஆப்பு இறக்கி, கல்லை முழுசாக இரண்டாக்கினாள். இரண்டையும் தட்டிப் பார்த்தாள். கணீரென்று ஒலித்தன; பழுதில்லை. நடுவில் ஆள் நடக்க இடைவெளி விட்டு, உட்பக்கத்தைக் கண்ணாடியாக மெருகேற்றினாள்.

திறப்பு நாளன்று கூட்டம் அந்த இடைவெளி வழியாகத்தான் திரும்பத் திரும்ப நடந்தது.

"பிரமாதம்! ஆரம்பத்துலேயே இப்படித்தான் யோசிச்சீங்களா?" என்றார் செயலாளர்.

"ஆமா சார்."

"அடுத்த வருஷம் கட்டாயம் வரணும். அப்புறம்... உங்க பக்கத்துக் கொட்டகைக்காரரையும் கூப்பிடலாமா?"

"வேண்டாம் சார். அவருக்குத் தன் காரியம்தான் பெரிசு. மத்தவங்க கல்லைப் பாக்கவே உங்களை விட மாட்டார்."

"நானும் அதான் நெனச்சேன்." செயலாளர் கிளம்பிப் போனார்.

அவள் உளிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கொட்டகைக்காரர் வந்தார். சுத்தியல் பிடியால் அவளுடைய கல்லை மெல்லத் தட்டினார்.

"இப்பதான் கணீர்னு பேசுது."

"என்னண்ணே?"

"நடுவுல ஒருநாள் இதுக்குத் தொண்டை கட்டிப்போச்சே. உளிச் சத்தம் மாறினது எனக்குக் கேட்டுச்சும்மா. அந்த நேரம் செயலாளர் பாத்திருந்தா உன்னை பஸ் ஏத்தி விட்டிருப்பார். நீ ஒரு வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் அவரை இந்தப் பக்கம் வரவிடக் கூடாதுன்னுதான், இல்லாத குறையெல்லாம் சொல்லிக் கத்திக்கிட்டே கிடந்தேன்."

அவள் செயலாளர் போன வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். "அடுத்த வருஷமும் பக்கத்துப் பக்கத்துலயே கொட்டகை கேட்டு வாங்கிக்கலாம், என்னம்மா?"