கற்பனை வளம்

விரிவுரையாளர் கொடுத்த கட்டுரையில் பெயர் இல்லை. யாரோ ஒரு பள்ளிச் சிறுமி எழுதியது. பயிற்சி ஆசிரியர்கள் அதை ரூப்ரிக் என்ற மதிப்பெண் அட்டவணைப்படி திருத்த வேண்டும்.

'எங்கள் வீட்டு மாலை' என்பது தலைப்பு. அப்பா வரும் சத்தம் கேட்டதும் அக்கா தம்பியை அலமாரிக்குள் ஒளித்து வைக்கிறாள். மூச்சு முட்டாமலிருக்கக் கதவு முழுதாக மூடாதபடி இடுக்கில் துணியைச் செருகுகிறாள். பிறகு அடி வாங்க அவள் மட்டும் வெளியே நிற்கிறாள்.

"ரூப்ரிக் இருந்தா மண்டையை உடைச்சுக்க வேண்டாம் சார். எல்லாரும் கற்பனைக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டோம்," என்றான் முன்வரிசைக்காரன்.

கடைசி வரிசையில் இருந்தவள் மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"நீ ஏம்மா போடலை?"

"இது கற்பனை இல்லை சார். இந்தப் பிள்ளைக்கு மார்க் வேண்டாம். யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்."

விரிவுரையாளர் சிரித்தார். "பயப்படாதே. எழுதினது என் பொண்ணுதான்."

அவள் எழுந்து நின்றாள். "நீங்க படிச்சீங்களா சார்?"

"எனக்கு எங்கேம்மா நேரம்? அவளே கொண்டுவந்து கொடுத்தா. 'உங்க கிளாஸ்ல நிறைய டீச்சருங்க இருக்காங்களேப்பா, எல்லாரையும் படிக்கச் சொல்லுங்க'ன்னா."

அவர் மெல்ல ஒரு பிரதியை எடுத்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது.

அவள் யாரிடமும் கேட்காமல் வெளியே போய்க் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தாள்.

"ரெண்டு பிள்ளைங்க. அப்பா இன்னும் இங்கதான் இருக்கார். அவர் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க போயிடணும்."