பச்சைக் கோடுகள்

செயலாளர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேமராப் பதிவு ஓட ஆரம்பித்ததும் திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். கதவும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. இரண்டாம் மாடிக்காரருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

குடியிருப்புக்கு அடிக்க வாங்கி, கீழே ஸ்டோர் ரூமில் அடுக்கி வைத்திருந்த பெயிண்ட் டின்கள் அத்தனையும் மாயமாகியிருந்தன. காலையில் பிரஷ்ஷும் கையுமாக வந்த பெயிண்டருக்கு அங்கே கிடைத்தது ஒரு பழைய துடைப்பம்தான். சங்கச் செயலாளர் நேராகப் போய்க் காவல்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்பு!"

மாடிப்படிக்கு அடியிலிருந்த ஒற்றை அறையில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தவர் காவல்காரர். பதறிப்போனார்.

"நான் தொடவே இல்ல சார். மேல கேமரா இருக்கே, போட்டுப் பாருங்க!"

அந்தக் கேமரா செத்து வருஷக்கணக்காகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். படிக்கட்டு விளக்கைச் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன், போகிற போக்கில் அதற்கும் உயிர் கொடுத்து, காவல்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பதிவெல்லாம் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்துகொண்டிருப்பதைச் செயலாளரே கவனிக்கவில்லை.

கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயரெடுத்திருந்ததால் இரண்டாம் மாடிக்காரரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றிலும் செயலாளர், முதல் மாடி டீச்சரம்மா, எதிர்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர். வாசலில் காவல்காரர்.

இரண்டாம் மாடிக்காரர் எடுத்தது ஒரே ஒரு டின். பால்கனிக் கம்பி துருப்பிடித்திருந்தது, எடுத்தார். நாமும்தானே சந்தா கட்டுகிறோம் என்று மனதுக்குள் ஒரு நியாயம் வேறு. மிச்ச டின்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனவன் எவனோ ஒரு பெரிய திருடன். அவன்மேல் அவருக்கு நிஜமாகவே கோபம் பொங்கியது. அந்தப் பாவியால் அல்லவா இந்த ஒற்றை டின்னும் சந்திக்கு வரப்போகிறது!

"கிராஃபிக்ஸ் டிரைவர்ல கோளாறு," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "படத்தைத் திரையில காட்டுறதுக்குன்னு உள்ள ஒரு புரோகிராம் இருக்கு. அது கெட்டா இப்படித்தான் கோடு கோடா வரும்."

"சரி பண்ணிடலாமா சார்?" என்றார் காவல்காரர்.

"புதுசா அப்டேட் பண்ணிப் பாக்கணும். பாஸ்வேர்டு கேக்குது."

செயலாளர் நெற்றியைத் தேய்த்தார். "அடடா, மறந்துபோச்சே."

"திரைக்குக் கீழேயே எழுதி ஒட்டியிருக்கே சார்," என்றார் காவல்காரர்.

அப்டேட் பாதி இறங்கியிருக்கும்போது மேனேஜர் எழுந்து சோம்பல் முறித்தார். கால் ஒயரில் மாட்டி, பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. காவல்காரர் ஓடிவந்து சொருகினார். மறுபடி பாதி இறங்கும்போது, எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்த டீச்சரம்மா, ஒரு கப்பை அப்படியே கீபோர்டில் கவிழ்த்தார்.

"ஐயையோ, கை வழுக்கிடுச்சு! விடுங்க, போனது போகட்டும். திரையையே பாத்துட்டிருந்தா கண்ணுதான் கெட்டுப்போகும்."

இப்படிக் கை விளங்காத மனிதர்களை அக்கம்பக்கத்தில் குடிவைத்த கடவுளுக்கு இரண்டாம் மாடிக்காரர் மனசார நன்றி சொன்னார். காவல்காரர் மட்டும் தோளில் கிடந்த துண்டால் கீபோர்டைப் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழே அவர் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. இரண்டாம் மாடிக்காரருக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் போகப்போகிற மானத்தை நினைத்ததும் உறுத்தல் அடங்கிவிட்டது. இனி அரைகுறை வேலை ஆகாது. டிரைவரை அடியோடு நீக்கிவிட்டால் கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் குருடாகிவிடும்.

"கடைசியா ஒண்ணு செஞ்சு பாக்கறேன்," என்று சொல்லி, டிரைவரை மொத்தமாக அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்.

அவர் போட்ட கணக்கு தப்பாகிப்போனது. இத்தனை நேரமும் படத்தைக் கெடுத்துக்கொண்டிருந்ததே அந்த டிரைவர்தான். அது ஒழிந்ததும், கம்ப்யூட்டர் தன்னிடமிருந்த சாதாரண ஏற்பாட்டை வைத்தே சமாளித்துக்கொண்டது. எழுத்தெல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். காவல்காரர் எட்டிப் பதிவை ஓடவிட்டார். ஸ்டோர் ரூம் கதவு, பூட்டு முதற்கொண்டு பளிச்சென்று வந்து நின்றது.

கதவை நோக்கி ஒரு நிழல் நகர்ந்தது. இரண்டாம் மாடிக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"சார்... இது நீங்கதானே?" என்றது காவல்காரரின் குரல்.

எல்லாம் முடிந்தது. ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதான் என்று அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து செயலாளரின் குரல் ஈனமாகக் கேட்டது.

"ரெண்டே ரெண்டு டின்தான்பா எடுத்தேன்."

இரண்டாம் மாடிக்காரர் மெல்லக் கண்ணைத் திறந்தார். திரையில் செயலாளருக்கு அடுத்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்: வாளியும் கையுமாக டீச்சரம்மா, அவருக்கு டார்ச் அடித்து உதவும் மேனேஜர், தன் பங்குக்கு இரண்டு கையிலும் டின்னோடு அதே மேனேஜர், கடைசியாகப் பூனைபோல் அவரே.

அடுத்த ஐந்து நிமிடத்தில் சங்கத்தின் அவசரக் கூட்டம் அதே அறையில் கூடி, காவல்காரர் தங்கமான மனிதர் என்றும், கம்ப்யூட்டரில் பழைய டிரைவரையே உடனடியாகத் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.